கலர் மிஷினுக்கு மறுவீடு

எங்கள் ரைஸ்மில்லுக்குக் கலர் மிஷின் வந்து சேர்ந்தபோது அதை லாரியிலிருந்து இறக்கினவர்களில் நானும் ஒருத்தன். பார்க்க இரட்டைக் கதவு பீரோ மாதிரி இருந்தது. கனம் மட்டும் பத்து பீரோ கனம். உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற ரோட்டில் ஏரிக்கரையைத் தாண்டினதும் இடது கைப் பக்கம் ஒரு தகர ஷெட் வரும். அதுதான் மில். அங்கே நான் மூட்டை தூக்குகிறேன். பேர் பாண்டுரங்கன். மிஷினை இறக்கி வைத்த அன்றைக்குப் பிடித்த இடுப்பு இன்னும் விடவில்லை என்பதால், இந்தக் கதை எனக்குத்தான் நன்றாக ஞாபகம் இருக்கும்.

அந்த மிஷின் என்ன செய்யும் என்றால், மேலே அரிசியைக் கொட்டினால் அது சரசரவென்று கீழே இறங்கும். இறங்கும்போதே உள்ளே இருக்கிற கேமரா ஒவ்வொரு அரிசியாகப் பார்க்கும். கருப்போ கல்லோ கண்ணில் பட்டால் புஸ்ஸென்று காற்றை அடித்து அதை வேறு பக்கம் தள்ளிவிடும். அதற்கு முன்னால் இந்த வேலையை நான்கு பெண்கள் தரையில் உட்கார்ந்து முறத்தில் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவள் பிரிஸ்கில்லா. எங்கள் தெருதான். சர்ச்சுக்குப் பின்னால் வீடு.

மிஷின் வரப்போகிறது என்று தெரிந்தவுடனே பிரிஸ்கில்லா முதலாளி முன்னால் போய் நின்றாள். முட்டி தேய்ந்துபோனவள். கழனியில் குனிந்து நாற்று நட இனி முடியாது. மகள் நிஷா தினமும் காஞ்சிபுரம் போய்வந்து நர்சிங் படிக்கிறாள். மில் வேலை போனால் வேறு போக்கிடம் கிடையாது. அவள் மூஞ்சியைப் பார்த்து முதலாளியே எல்லாருக்கும் முன்னால் வாக்குக் கொடுத்தார்.

“முறம் புடிச்ச கைதாம்மா இந்த மிஷினையும் புடிக்கணும். வெளியாளு ஒருத்தனும் உள்ள வரமாட்டான்.”

முதலாளி வேதாசலம் கெட்டவர் இல்லை. சொன்ன சொல்லில் நிற்கத்தான் பார்ப்பார். அவருக்கு இருக்கிற ஒரே வியாதி, எதைச் செய்தாலும் முறையாகச் செய்யவேண்டும் என்பது. முறை என்றால் பந்தல், மைக், இலை, தாம்பூலம்.

அவர் மகள் கீர்த்திதான் மில் கணக்கு எல்லாம் பார்க்கிறது. காலேஜ் முடித்த பெண். பேங்கில் லோன் கேட்பதற்காக அது ஒரு திட்டம் போட்டது. மிஷின் விலை, கம்ப்ரசர், கரண்டு லைன், ஷெட்டுக்குத் தளம் என்று வரிசையாகப் போட்டுவிட்டுக் கடைசியில் ‘பயிற்சி’ என்று ஒரு தொகை. முதலாளி அதில் விரலை வைத்து இது இன்னாத்துக்கு என்று கேட்டார். நான் தவிட்டு மூட்டை அடுக்கிக்கொண்டு பக்கத்தில்தான் இருந்தேன். கீர்த்தி பொறுமையாகச் சொன்னது. மிஷின் வந்தால் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். கம்பெனி ஆள் வந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். கற்றுக்கொள்கிற நாளுக்கும் பெண்களுக்குக் கூலி தரவேண்டும். கை பழகுகிற வரைக்கும் கொஞ்சம் அரிசி வீணாகும், அதற்கும் சேர்த்துத்தான் இந்தத் தொகை. முதலாளி காதில் கம்பெனி ஆள் வருகிறார் என்பது மட்டும்தான் ஏறியது.

“செஞ்சிடலாம். ஜாம்ஜாம்னு செஞ்சிடலாம்” என்றார்.

மிஷின் வந்து இறங்கின அடுத்த வாரம் மில் வாசலில் பிளெக்ஸ் கட்டினார்கள். நான் நாற்பது தாண்டித்தான் இரவுப் பள்ளியில் எழுத்துப் படித்தவன். அதற்கு முன்னால் பிளெக்ஸ் என்றால் எனக்கு வெறும் மூஞ்சிகள்தான், பார்த்துவிட்டுப் போய்விடுவேன். இப்போது எல்லாவற்றையும் நின்று படித்துத் தொலைக்க வேண்டியிருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘கலர் மிஷின் பயிற்சி விழா. அனைவரும் வருக.’ நடுவில் முதலாளி கைகூப்பிக்கொண்டு நின்றார். ஒரு பக்கம் மிஷின். இன்னொரு பக்கம் கம்பெனி இன்ஜினியர் தினகரனின் படம். அவர் வாட்சப்பில் வைத்திருந்ததை எடுத்துப் போட்டிருந்தார்கள். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பைக் மேல் சாய்ந்து நின்றார்.

விழா நன்றாக நடந்தது. அதில் ஒரு குறையும் சொல்லமுடியாது. ஐயர் வந்து மிஷினுக்குப் பூஜை போட்டார். பூசணிக்காய் உடைத்தார்கள். வந்தவர்கள் எல்லாருக்கும் சால்வை போர்த்தினார்கள். முதலாளியின் மச்சான் மைக்கைப் பிடித்து, தங்கள் குடும்பம் நெல் வியாபாரத்துக்கு வந்த வரலாற்றை அவர் தாத்தாவிலிருந்து ஆரம்பித்தார். தாத்தா மாட்டுவண்டி வாங்குவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த தினகரன் பாவம், கையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு சால்வைக்குள் வேர்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவரிடம் மைக் வந்தபோது பின்னால் இலை போட்டுவிட்டார்கள். அவர் மிஷினைத் தொட்டுக் காட்டித் திரையில் என்னென்னவோ அழுத்தினார். முன் வரிசையில் முதலாளியின் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள். அவர்களில் யாரும் இந்த ஜென்மத்தில் ஒரு மில்லுக்கு வேலைக்குப் போகப்போவதில்லை.

மிஷினை ஓட்டவேண்டிய நான்கு பெண்களும் எங்கே என்று கேட்டால், பந்தியில். மில் ஆட்கள்தானே பரிமாற வேண்டும். பிரிஸ்கில்லா கையில் தயிர் வெங்காய வாளி. அவள் இரண்டு தடவை மிஷின் பக்கம் எட்டிப் பார்க்க வந்தாள். இரண்டு தடவையும் யாரோ கடைசி இலைக்கு வெங்காயம் வரவில்லை என்று கூப்பிட்டு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் பிரியாணி அண்டாவோடு போராடிக்கொண்டிருந்தேன். மட்டன் பிரியாணி. உண்மையைச் சொல்லவேண்டும், நன்றாகத்தான் இருந்தது.

சாப்பாடு முடிந்ததும் தினகரன் ஒரு தாளை நீட்டினார். பயிற்சி முடிந்தது என்று முதலாளி கையெழுத்துப் போட்டார். அதையும் போட்டோ எடுத்தார்கள். தினகரன் மூன்று சால்வைகளோடு செங்கல்பட்டு பஸ் ஏறிவிட்டார். பிரியாணிக்காரர் கொடுத்த பில்லைக் கீர்த்தி வாங்கிப் பார்த்தது. ‘பயிற்சி’ என்று எழுதியிருந்த கவரைத் தேடி எடுத்து அதில் போட்டது.

இரண்டு நாள் கழித்து மிஷினை ஓட்டினோம். பிரிஸ்கில்லா சாமி கும்பிட்டுவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். நான் மேலே ஏறி ஒரு மூட்டை புழுங்கல் அரிசியைக் கொட்டினேன். மிஷின் புஸ் புஸ்ஸென்று சீறிக்கொண்டு அத்தனை அரிசியையும் கழிவுப் பக்கம் தள்ளிவிட்டது. நல்ல அரிசிக்கென்று பிடித்திருந்த சாக்கில் ஒரு பிடி அரிசிகூட இல்லை. இன்னொரு மூட்டை கொட்டினேன். அதையும் வேண்டாம் என்றது.

தினகரன் அன்றைக்குப் பச்சரிசியைப் போட்டுக் காட்டிவிட்டு அப்படியே விட்டுப் போயிருக்கிறார். புழுங்கல் அரிசி கொஞ்சம் மஞ்சளாக இருக்குமா, மிஷின் எல்லாவற்றையும் கெட்ட அரிசி என்று நினைத்துக்கொண்டது. இது எங்களுக்குப் பின்னால்தான் தெரியும். அன்றைக்கு முதலாளி கழிவுக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றவர், “இன்னாம்மா, நம்ம அரிசியில ஒண்ணுகூட அதுக்குப் புடிக்கலியா?” என்று மட்டும் கேட்டார்.

பிரிஸ்கில்லா தினகரனுக்குப் போன் போட்டாள். அவர் நல்ல மனுஷன், எடுத்தார். மெனுவுக்குப் போங்க, அங்கிருந்து செட்டிங்குக்குப் போங்க என்று வழி சொன்னார். இவளும் போனாள். எங்கேயோ ஒரு முக்கில் தவறான பொத்தானை அழுத்திவிட, திரை முழுக்க வேறு ஏதோ பாஷைக்கு மாறிவிட்டது. என்னைக் கூப்பிட்டார்கள். படித்தவன் என்று மில்லில் எனக்கு ஒரு பேர் உண்டு. நான் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, நான் படித்தது தமிழ் மட்டும்தான் என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டேன். சாயங்காலம் கீர்த்தி வந்துதான் திரையைத் தமிழுக்குக் கொண்டுவந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. மிஷின் பாட்டுக்கு அரிசியைத் தள்ளும். தள்ளினதை நான்கு பெண்களும் பின்னால் உட்கார்ந்து பழைய முறத்திலேயே பொறுக்குவார்கள். முறத்துக்கு முறமும் ஆச்சு, கரண்டுக்குக் கரண்டும் ஆச்சு. பிரிஸ்கில்லா எதையாவது அழுத்திப் பார்க்கலாம் என்று கையை நீட்டினால், முதலாளி அரிசி போகிறதே என்று பதறுவார். அவள் கையை எடுத்துக்கொள்வாள்.

இரவுப் பள்ளியில் நான் ழகரம் எழுதக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆனது. எழுதி எழுதி அழித்தேன். எத்தனை சாக்பீஸ் தேய்ந்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. சாக்பீஸை யாரும் சோறாக்கித் தின்னப் போவதில்லை, அதனால் கேட்கவில்லை போலிருக்கிறது. அரிசி அப்படி இல்லையே.

பத்து நாள் பார்த்த முதலாளி ஒரு காலையில் எல்லாரையும் கூப்பிட்டார். செய்யாறு பக்கம் இரண்டு பையன்கள் இருக்கிறார்களாம். இந்த மிஷினை ஏற்கெனவே ஓட்டினவர்களாம். நவரைப் பட்டத்து நெல் அறுவடையாகி வந்து இறங்குவதற்குள் அவர்களை வரச் சொல்லப் போகிறேன் என்றார். பிரிஸ்கில்லாவைப் பார்க்காமல் மிஷினைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மற்ற மூன்று பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிரிஸ்கில்லா நிமிர்ந்தே நின்றாள். கீர்த்திதான் முதலில் பேசியது. தினகரனை இன்னொரு தடவை வரவழைக்கலாம், மூன்று நாள் கூட இருந்தால் போதும், அந்தப் பையன்களுக்கு மாசா மாசம் கொடுப்பதைவிட இது எவ்வளவோ குறைச்சல் என்று விரல் விட்டுச் சொன்னது. முதலாளிக்குக் கணக்கு பிடிக்காது. கணக்குப் பார்க்கத்தான் அவர் மகளைப் பெற்றிருக்கிறார்.

“பயிற்சிதான் முடிஞ்சி போச்சே கீர்த்தி. ஊரே வந்து சாப்ட்டுட்டுப் போயிருக்குது. பில்லு கீது, போட்டோ கீது. ஒரு பொண்ணுக்கு ரெண்டு கல்யாணமா பண்ணுவாங்க?”

“ரெண்டு கல்யாணம் யாரு மொதலாளி கேட்டாங்க?” என்றாள் பிரிஸ்கில்லா. அவள் அப்படிக் குறுக்கே பேசி நான் கேட்டதில்லை. “கல்யாணம் ஒண்ணுதான், நல்லா பண்ணீங்கோ. அதுக்கப்புறம் மறுவூடு எங்க பண்ணீங்கோ? பொண்ணக் கொண்டாந்து வுட்டுட்டுப் பொண்ணு வூட்டுக்காரரு சோத்தத் துன்னுட்டு அன்னிக்கே பஸ் ஏறிக்கினாரு. புது வூட்ல அது யாருகிட்ட பேசும்? அதான் எதப் போட்டாலும் வோணாம் வோணாம்னு தள்ளிக்கினு கீது.”

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் சிரித்திருப்பேன், முதலாளி மூஞ்சியைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. மறுவீடு என்றால் அவருக்கு விளையாட்டு இல்லை. பெருநகரில் இருக்கிற சொந்தச் சித்தப்பா மகன், தன் மகள் மறுவீட்டுக்கு நேரில் வந்து அழைக்காமல் போனில் சொன்னான் என்று அவனோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்தவர். அப்படிப்பட்டவரைப் பார்த்து மறுவீடு செய்யாதவர் என்று ஒரு வேலைக்காரி சொல்லிவிட்டாள். அவர் மிஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பூஜை அன்றைக்குக் கட்டின மாலை காய்ந்து தொங்கியது. அதைப் பிய்த்தெடுத்துக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

“பொண்ணு வூட்டுக்கு நாமதான போவணும்? கோயம்புத்தூருக்கு மிஷினத் தூக்கிக்கினு போறதா?” என்றார். கேலி இல்லை, சந்தேகமாகத்தான் கேட்டார்.

என் இடுப்பு சுரீர் என்றது. நல்லவேளை, கீர்த்தி உடனே பிடித்துக்கொண்டது.

“பொண்ணு இங்க இருக்கட்டும் நைனா. பொண்ணோட அண்ணன் வந்து மூணு நாள் தங்கட்டும். தங்க வெச்சி சோறு போட்டு அனுப்புறது நம்ம முறைதான?”

“முறைதான்.”

“புதுப் பொண்ணு மொதல் சமையல் பண்ணும்போது தீஞ்சி போனா மாமியாரு கேப்பாங்களா?”

“கேக்க மாட்டாங்க. கேக்கக் கூடாது” என்றார் முதலாளி. சொன்ன பிறகுதான் மகள் தன்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள் என்று புரிந்தது. கழிவுக் குவியலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “பாண்டு, புழுங்கல்ல அஞ்சி மூட்ட தனியா எடுத்து வெய்யி. கணக்குல சேக்காத” என்றார்.

தினகரன் வந்தார். இந்தத் தடவை பிளெக்ஸ் இல்லை, மைக் இல்லை. முதலாளி போனில் அழைத்தால் முறையில்லை என்று உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கே போய்க் கூட்டிவந்தார். வெற்றிலை பாக்குத் தட்டில் ஒரு வேட்டியும் வைத்துக் கொடுத்தார். தினகரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“எதுக்குங்க இதெல்லாம்? நான் சர்வீசுக்குத்தானுங்க வந்தேன்” என்றார்.

“நீங்க பொண்ணுக்கு அண்ணன். வாங்கிக்கோங்க” என்று பிரிஸ்கில்லா சொன்னாள். அவர் பயந்துபோய் வாங்கிக்கொண்டார். எந்தப் பெண் என்று மத்தியானம் வரைக்கும் யோசித்துக்கொண்டிருந்தாராம்.

இந்தத் தடவை பரிமாறுகிற வேலை எங்களுக்கு வந்தது. முதலாளி வீட்டிலிருந்து சாப்பாடு வரும், நானும் இன்னொரு லோடுமேனும் இலை போட்டுப் போடுவோம். பெண்கள் நான்கு பேரும் மிஷின் முன்னால் நின்றார்கள், கூலியோடு. தினகரன் திரையைத் தொடவே இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நீங்களே தொடுங்க என்று சொல்லிவிட்டார். பிரிஸ்கில்லா திரையில் புள்ளியைக் குறைத்தால் கருப்பு அரிசி நல்ல சாக்கில் விழுந்தது. கூட்டினால் நல்ல அரிசி கழிவில் கொட்டியது. கண்ணாடியைத் துடைக்க மறந்தால் மிஷின் தூசியைக்கூட கருப்பு அரிசி என்று நினைத்து ஊதித் தள்ளியது. கம்ப்ரசரில் தண்ணீர் தேங்கினால் அந்த ஊதலும் நின்றுவிட்டது. ஒவ்வொரு தப்பையும் தினகரன் முழுசாக நடக்கவிட்டார். நான் மேலே கொட்டுவேன், கீழே அள்ளுவேன், திரும்ப மேலே கொட்டுவேன். படித்தது அவர்கள். வேர்த்தது எனக்கு.

முதல் நாள் மத்தியானம் முதலாளி உள்ளே வந்தார். வெள்ளைவெளேர் என்று நல்ல அரிசி கழிவுக் குழாயில் அருவி மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தார். பிரிஸ்கில்லா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “மொதல் சமையல் மொதலாளி” என்றாள். வாயை மூடிக்கொண்டு வெளியே போய் எடைமேடை பக்கம் நின்றுகொண்டார். அப்புறம் அந்த மூன்று நாளும் அவர் ஷெட்டுக்குள் வரவில்லை. வேறு வேலை இருப்பதுபோல வெளியே நடந்துகொண்டே இருந்தார். ஐந்து மூட்டையில் மூன்று மாட்டுத் தீவனத்துக்குப் போயிற்று.

தினகரன் கிளம்பின அன்று நான்கு பெண்களில் இரண்டு பேர் தங்களுக்கு இந்தப் பெட்டி சரிவராது, நெல் காயவைக்கிற களத்துக்கே போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். பிரிஸ்கில்லாவும் இன்னொருத்தியும் நின்றார்கள். ஆனால் முதலாளி செய்யாறு பையன்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. நெல் வரட்டும், பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். அந்த வாரம் முழுக்க பிரிஸ்கில்லா சரியாகச் சாப்பிடவில்லை என்று நிஷா என் பெண்சாதியிடம் சொல்லியிருக்கிறது.

நவரை நெல் வந்தது. அவித்து, காயவைத்து, அரைத்து, முதல் லாட் அரிசி மிஷினுக்கு ஏறின காலையில் முதலாளி கையில் போனோடு வந்து நின்றார். பையன்களின் நம்பரை எடுத்தே வைத்திருந்தார். கொட்டச் சொல்லி எனக்குக் கையைக் காட்டினார்.

பிரிஸ்கில்லா கண்ணாடியைத் துடைத்தாள். கம்ப்ரசரின் அடியில் திருகித் தண்ணீரை விட்டாள். திரையில் புழுங்கல் என்று இருந்ததை அழுத்தினாள், கொஞ்சம் கூட்டினாள், யோசித்து ஒரு புள்ளி குறைத்தாள். அரிசி இறங்கியது. நல்ல சாக்கு நிரம்ப ஆரம்பித்தது. கழிவில் கருப்பும் பழுப்பும் சிறுகச் சிறுக விழுந்தது.

முதலாளி சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். உள்ளங்கையில் பரப்பி வெளிச்சத்துக்குப் போய்ப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கடைசியில் ஒன்றைக் கிள்ளி எடுத்து பிரிஸ்கில்லா மூஞ்சிக்கு நேராகப் பிடித்தார். கருப்பு அரிசி.

“இது இன்னாம்மா?”

அவள் பயந்திருப்பாள். குரலில் தெரியவில்லை.

“அதையும் புடிக்கணும்னா புடிச்சிடலாம் மொதலாளி. புள்ளிய ஏத்தணும். ஏத்தினா அதுகூட நல்ல அரிசி ஒரு பிடி போவும். ரெண்டையும் பண்ணிப் பாத்துட்டேன். எது வோணும்னு நீங்கதான் சொல்லணும்.”

முதலாளி அந்தக் கருப்பு அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தார். கழிவுச் சாக்கைப் பார்த்தார். மறுபடி அரிசியைப் பார்த்தார். பிறகு அதை வாயில் போட்டு மென்றார்.

“இப்பிடியே ஓட்டு” என்றார். வெளியே போகிறபோதே பையன்களுக்குப் போன் போட்டு, ஆள் இருக்கிறார்கள், வரவேண்டாம் என்று சொன்னது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

பிரிஸ்கில்லா முந்தானையால் திரையை ஒரு தடவை துடைத்தாள், அதில் தூசியே இல்லை. பிறகு என்னைப் பார்த்து, “இன்னாண்ணா வேடிக்க பாத்துக்கினு கீற? சாக்கு ரொம்பி வழியுது பாரு” என்று அதட்டினாள்.

நான் அந்த மூட்டையைத் தைத்துத் தோளில் ஏற்றினேன். ஒரு கல் கிடையாது, சுத்தமான அரிசி. கனம் மட்டும் அப்படியேதான் இருந்தது.